தீ வருமுன் செய்ய வேண்டியவை

ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் ஒரு நாள் திருவனந்தபுரத்தின் தெருக்களெல்லாம் அடுப்பங்கரையாகின்றன. ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டப்படும் நெருப்பு, கைமாறிக் கைமாறிப் பல கிலோமீட்டர் தூரம் வரை செங்கல் அடுப்புகளைச் சென்றடைகிறது. 2009ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டனர் என்பது கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற பதிவு. நடுப்பகல் வெயிலில், நெரிசலான வீதிகளில், ஓலையும் விறகும் எரியும் அந்த நாளை நகரம் ஆண்டுதோறும் எதிர்கொண்டு கடக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. அன்று ஒவ்வோர் அடுப்பின் அருகிலும் ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது. அடுப்பு திறந்த வெளியில் இருப்பதால் புகைக்குப் போக்கிடம் உண்டு. தீயணைப்பு வண்டிகள் முன்கூட்டியே முக்கிய இடங்களில் நிறுத்தப்படுகின்றன. அதாவது, தீ எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது மீறினால் என்ன செய்வது என்பதும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். நம் வீடுகளிலும் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே தீ சுவருக்குள் ஓடும் கம்பியில், பூட்டிய அறையில், ஆளில்லா இரவில் பிறக்கிறது. அத்தகைய தீயைப் பற்றியும், அதை வருமுன் தடுப்பதைப் பற்றியும், தடுக்க இயலாதபோது இழப்பைத் தாங்குவதைப் பற்றியும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மாவட்டம் கண்ட மூன்று விபத்துகள்

2019 மே மாதம் பழவங்காடியில் ஒரு குடைக்கடையில் பற்றிய தீ, பக்கத்துக் கட்டடங்களுக்கும் தாவியது. நகரின் இதயப் பகுதி அது. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய கட்டடங்களில் ஒருவருடைய கவனக்குறைவு அவரோடு நிற்பதில்லை என்பதை அந்நிகழ்வு காட்டியது.

2022 மார்ச் 8ஆம் நாள் அதிகாலை, வர்க்கலையை அடுத்த செறுநியூரில் ஒரு வீட்டில் தீப்பற்றியது. கார் நிறுத்துமிடத்தில் இருந்த இருசக்கர வாகனங்கள் எரிந்தன. வீட்டினுள் புகுந்த புகை, குளிர்சாதன வசதிக்காக மூடப்பட்டிருந்த படுக்கையறைகளை நிறைத்தது. எட்டு மாதக் குழந்தை உட்பட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது நெருப்பன்று, புகையே.

2023 மே 23ஆம் நாள் நள்ளிரவு கடந்து, தும்பை கின்ஃப்ரா பூங்காவில் கேரள மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கிட்டங்கி எரிந்தது. பிளீச்சிங் பவுடர் சேமித்து வைக்கப்பட்டிருந்த இடம் அது. தீயை அணைக்க முயன்றபோது கட்டடத்தின் கான்கிரீட் பகுதி சரிந்ததில் ஓர் இளம் தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அதற்கு ஒரு வாரத்திற்கு முன்புதான் கொல்லத்தில் இதே கழகத்தின் கிட்டங்கி எரிந்திருந்தது. அடுத்த சில நாட்களில் ஆலப்புழையிலும் தீ மூண்டது.

கடை, வீடு, கிட்டங்கி என மூன்றும் மூன்று வகை. ஆயினும் மூன்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. தீ தொடங்கிய இடத்தைவிட அது பரவிய வழியும், மனிதர்கள் வெளியேறும் வழியுமே இழப்பின் அளவைத் தீர்மானிக்கின்றன.

கொல்வது புகை

தீ எரிய மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன். இவற்றில் ஒன்றை நீக்கினால் தீ அணைந்துவிடும். தண்ணீர் வெப்பத்தை நீக்குகிறது. மூடி ஆக்சிஜனை நீக்குகிறது. எரியும் பொருளை அப்புறப்படுத்துவது எரிபொருளை நீக்குகிறது. பிளீச்சிங் பவுடர் போன்ற பொருள்கள் ஆபத்தானவையாவது ஏனென்றால், அவை தாமே ஆக்சிஜனை வெளியிடக்கூடியவை; ஈரமோ வேறு இரசாயனமோ பட்டால் தாமே சூடாகவும் கூடியவை. ஆகையால் அவற்றை உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில், மற்ற சரக்குகளிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

இக்கால வீடுகளில் நுரைமெத்தை, பிளாஸ்டிக், செயற்கை இழைத் திரைகள் முதலியன நிறைந்துள்ளன. இவை எரியும்போது சில நிமிடங்களிலேயே ஓர் அறை முழுவதும் நச்சுப்புகை சூழ்ந்துவிடும். அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே நினைவிழந்துவிடுவார். 1997 ஜூன் 13ஆம் நாள் தில்லி உபஹார் திரையரங்கில் இறந்த 59 பேரும் பெரும்பாலும் மூச்சுத்திணறியே இறந்தனர்.

புகை மேலே எழும். தரையை ஒட்டிச் சற்று நேரம் சுவாசிக்கத்தக்க காற்று இருக்கும். ஆகவே புகை சூழ்ந்த அறையில் எழுந்து ஓடாமல், தவழ்ந்து வெளியேற வேண்டும். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் திறக்கலாகாது. இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, சன்னலருகே நின்று உதவி கோர வேண்டும்.

ஒற்றைப் படிக்கட்டு

தமிழகம் 2004ஆம் ஆண்டை மறக்க இயலாது. அவ்வாண்டு ஜனவரி 23ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுப்பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரியாக ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தனர். இரண்டு இடங்களிலும் கூரை ஒன்றே, குறுகிய படிக்கட்டும் ஒன்றே. முதல் விபத்தின் பாடத்தை உடனே எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டாவது நிகழ்ந்திருக்குமா என்ற கேள்வி இன்றும் நம்மை உறுத்துகிறது.

2022 செப்டம்பர் 12ஆம் நாள் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையகத்தில் தோன்றிய தீயின் புகை, அதே கட்டடத்தின் மேல்தளங்களில் இயங்கிய விடுதிக்குள் ஏறி எட்டு பேர் உயிரிழந்தனர். கூரை மாறியிருக்கிறது, எரிபொருள் மாறியிருக்கிறது. படிக்கட்டு புகைபோக்கியாக மாறும் அவலம் மட்டும் மாறவில்லை. ஆகவே எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கிருந்து வெளியேற இரண்டாவது வழி எது?" என்பதே.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மின்சாரம்: எம்.சி.பி. என்னும் சுவிட்சு, கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போனாலோ குறுக்கு மின்சுற்று ஏற்பட்டாலோ துண்டிக்கும். ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும்; வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது ஏற்றது. ஆனால் பலர் அறியாத ஒன்று உண்டு. தளர்ந்த இணைப்பில் உண்டாகும் சூட்டை இவ்விரண்டுமே பெரும்பாலும் உணர்வதில்லை. பிளக் கருகியிருத்தல், சுவிட்சுப் பலகை சூடாக இருத்தல், எரிந்த ரப்பர் மணம், விளக்கு மினுக்குதல் ஆகியவையே அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் உள்ள பழைய அக்கிரகார வீடுகளில் விசிறியும் விளக்கும் மட்டும் இருந்த காலத்தில் இழுக்கப்பட்ட கம்பிகளில் இன்று ஏ.சி.யும் கீசரும் ஓடுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சுற்று இடுவது கட்டாயம். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பல கருவிகளைச் செருகுவதைத் தவிர்க்க வேண்டும்.

சமையலறை: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு. மற்றவை அவ்வரிசையில் தொடரும். அது சிலிண்டரைச் சோதிக்க வேண்டிய காலம். அந்தக் காலம் கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு. வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் வெடித்துச் சிதறும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் வாணலியை மூடி, ஆறும்வரை அப்படியே விட வேண்டும்.

வாகனம்: வீட்டின் முன்வாசலை ஒட்டி இருசக்கர வாகனங்களை நிறுத்துவதும், வாசலுக்குள்ளேயே மின்சார ஸ்கூட்டரை இரவு முழுவதும் சார்ஜ் செய்வதும், வெளியேறும் ஒரே வழியில் எரிபொருளை வைப்பதற்குச் சமம். நிறுவனம் தந்த சார்ஜரையே பயன்படுத்தி, வாசலிலிருந்து விலகிய இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்வது நலம்.

சன்னல்: திருட்டுக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களுக்கும் நிலையான இரும்புக்கம்பி இடுகிறோம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு சன்னலாவது உட்புறம் இருந்து திறக்கக்கூடிய கம்பிக்கதவோடு இருக்கட்டும். அதன் சாவியும் முன்கதவின் சாவியும் எங்கே உள்ளன என்பது குழந்தைகள் உட்பட வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும். புகையை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவியைப் படுக்கையறைக்கு வெளியே பொருத்துவது, உறங்குபவரை எழுப்பும் எளிய வழி.

அடுக்ககமும் கடைத்தெருவும்

15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளவற்றை உயர் கட்டடங்கள் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுக்கிறது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் நான்காம் பகுதி முழுவதும் தீயும் உயிர்ப் பாதுகாப்பும் பற்றியது. குடியேறும்போது தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருந்ததா என்று கேட்பவர்கள், அதன்பின் அந்தத் தண்ணீர்க் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதில்லை. குடியிருப்போர் சங்கங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் பம்பை இயக்கிப் பார்க்க வேண்டும். படிக்கட்டுக் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அவற்றைச் செங்கல் வைத்துத் திறந்து வைப்பது புகைக்கு வழிவிடுவதாகும். படிக்கட்டில் பழைய மரச்சாமான், செய்தித்தாள் கட்டு, செருப்பு அலமாரி எதுவும் கூடாது. தீயின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது.

2017 ஜூன் 14ஆம் நாள் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் மடிந்தனர். ஒரு சமையலறையில் தொடங்கிய தீ, அழகுக்கும் வெப்பத்தடுப்புக்கும் வெளிச்சுவரில் ஒட்டப்பட்ட எரியக்கூடிய பலகைகள் வழியாகக் கட்டடம் முழுவதும் ஏறியது. நம் நகரங்களிலும் வணிக வளாகங்களின் முகப்பைக் கண்ணாடியாலும் கலப்புப் பலகைகளாலும் மூடுகின்றனர். பலகை எரியாத்தன்மை உடையதா, புகை வெளியேறத் திறப்பு உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்பது கட்டட உரிமையாளரின் கடமை.

ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த சாலைக் கடைத்தெருவில் இன்றும் தமிழ் வணிகர்கள் பலர் உள்ளனர். குறுகிய சந்துகள், மரத்தட்டு மாடிகள், கூரைவரை அடுக்கிய சரக்கு: இவை அத்தெருவின் இயல்பு. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் முதல் ஐந்து நிமிடமே முக்கியம். சரக்கை விளக்கிற்கும் மின்பலகைக்கும் நெருக்கமாக அடுக்காதிருத்தல், இரவு பூட்டும்போது குளிர்பெட்டி, கண்காணிப்புக் கேமரா போன்ற இன்றியமையாதவை தவிர மற்ற சுற்றுகளை அணைத்தல், பணியாளர்களைப் பூட்டிய கடைக்குள் உறங்க வைக்காதிருத்தல், ஷட்டருக்கு மாற்றாக இன்னொரு வழி வைத்திருத்தல் ஆகியன பணம் அதிகம் கேட்காத ஏற்பாடுகள். 2017 மே 31ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை அதிகாலையில் தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அந்தப் பல மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழ, எஞ்சியதையும் பிறகு இடித்து அகற்றும்படி ஆயிற்று.

தீயணைப்பான் ஒன்றாவது ஒவ்வொரு கடையிலும் வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு ஏ.பி.சி. வகைத் தூள் தீயணைப்பான் பொருந்தும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும். ஊக்கை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடம் வலமாகத் தூவ வேண்டும். சிறிய தீயணைப்பான் அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். எனவே நம் முதுகுப்புறம் வெளியேறும் வழி இருக்குமாறு நின்றே அதைப் பயன்படுத்த வேண்டும். அதற்குள் அடங்காத தீயோடு போராடாமல் வெளியேறிவிட வேண்டும்.

தீக்குப் பின் வரும் கணக்கு

தீ அணைந்த மறுநாள் தொடங்கும் துன்பத்தையே வங்கி அலுவலர்களாகிய நாங்கள் அருகிலிருந்து காண்கிறோம். சரக்கு சாம்பலானாலும் அதன் மீதான கடனும் வட்டியும் நிற்கின்றன. அந்த நேரத்தில் கைகொடுப்பது காப்பீடு. ஆனால் பாலிசி இருப்பது வேறு, போதுமான பாலிசி இருப்பது வேறு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கடையில் உள்ள சரக்கின் மதிப்பு 40 லட்சம் ரூபாய். பிரீமியத்தைக் குறைக்க எண்ணி 20 லட்சத்திற்கே காப்பீடு எடுத்திருக்கிறார் உரிமையாளர். தீயில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு அழிகிறது. இருபது லட்சம் வரை காப்பீடு இருப்பதால் பத்து லட்சமும் கிடைக்கும் என்று அவர் எண்ணுவார். கிடைப்பதோ 5 லட்சம். மதிப்பில் பாதிக்கே காப்பீடு எடுத்தவருக்கு இழப்பிலும் பாதியே தரப்படும் என்பது குறைக்காப்பீட்டு விதி. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தரப்படுத்தப்பட்ட பாலிசி, 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கானது. அதில் 15 விழுக்காடு வரையிலான குறைவு பொருட்படுத்தப்படுவதில்லை. அதற்கு மேல் குறைந்தால் மேற்சொன்ன விதியே. ஓணம், தீபாவளி நாட்களில் சரக்கு இருமடங்காகும்போது காப்பீட்டுத் தொகையையும் உயர்த்த வேண்டும். சரக்கை வேறு கிட்டங்கிக்கு மாற்றினால் அம்முகவரியைப் பாலிசியில் சேர்க்க வேண்டும்; சேர்க்காவிட்டால் அங்கு நேரும் இழப்புக்கு ஈடு கோர முடியாமல் போகலாம்.

வீடுகளுக்கு பாரத் கிருக ரக்ஷா என்ற பாலிசி உள்ளது. இதில் காப்பீட்டுத் தொகை என்பது மனையின் சந்தை விலை அன்று, கட்டடத்தை மீண்டும் கட்ட ஆகும் செலவு. கட்டடத்தைக் காப்பீடு செய்தால் வீட்டுப் பொருள்களுக்கு அத்தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், காப்பீடு தானாகக் கிடைக்கும். நகைக்கும் கலைப்பொருள்களுக்கும் தனியே விருப்பச் சேர்க்கை தேவை. வீட்டுக்கடன் பெறும்போது எடுக்கப்படும் ஆயுள் காப்பீட்டைக் கட்டடக் காப்பீடு என்று கருதுவோர் உண்டு. அவை இரண்டும் வெவ்வேறானவை. உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

லாக்கர் பற்றியும் ஒரு சொல். பாரத ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் இழக்கப்பட்டால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் எனில் 3 லட்சம் ரூபாய். உள்ளே இருப்பது என்ன என்பதை வங்கி அறியாது; ஆகையால் அதைக் காப்பீடு செய்யவும் இயலாது. பெருமதிப்புள்ள நகை வைத்திருப்போர் தாமே தனிக்காப்பீடு எடுப்பது அறிவுடைமை.

விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்திற்கும் வங்கிக் கிளைக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். சர்வேயர் பார்வையிடும் வரை எஞ்சிய பொருள்களை அகற்றாமல், புகைப்படம் எடுத்து வையுங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். சரக்குப் பதிவேடு, கொள்முதல் ரசீது, பத்திரம், பாலிசி ஆகியவற்றின் நகல்களைக் கட்டடத்திற்கு வெளியே, மின்வடிவிலும் பாதுகாத்து வையுங்கள். கணக்குப் புத்தகமும் கடையோடு எரிந்துபோனால் இழப்பை மெய்ப்பிப்பது அரிதாகிவிடும்.

ஊர் கூடிச் செய்வது

1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. அதை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வாரத்தில் தீயணைப்பு நிலையத்தினரை அழைத்துக் குடியிருப்போர் சங்கம், பள்ளி, வணிகர் சங்கம் ஆகியவற்றில் ஒத்திகை நடத்தலாம்.

கேரளத்தில் தீயணைப்பு மற்றும் மீட்புத் துறையின் கீழ் குடிமைப் பாதுகாப்புப் படை அமைக்கப்பட்டுள்ளது. 124 நிலையங்களில் நிலையத்திற்கு 50 பேர் வீதம் 6,200 தன்னார்வலர்கள் என்பது அதன் திட்டம். ஒவ்வொரு தெருவிலும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால், வண்டி வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் வீணாகா. வண்டி வரும் வழியை அடைத்து வாகனம் நிறுத்தாதிருப்பதும், கிணறும் குளமும் எங்கே என்று நிலையத்தாருக்குச் சொல்வதும், தனியே வாழும் முதியோர் யார் வீட்டில் உள்ளனர் என்று அண்டை வீட்டார் அறிந்திருப்பதும் இந்தப் பணியின் பகுதிகளே.

அவசர எண் 101. 112 என்ற பொது எண்ணிலும் அழைக்கலாம். அழைப்பவர் முதலில் இடத்தையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டும். எரிவது என்ன, உள்ளே எவரேனும் உள்ளனரா என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும். வெளியேறியவர் எந்தப் பொருளுக்காகவும் மீண்டும் உள்ளே செல்லலாகாது. பத்திரத்திற்கு நகல் பெறலாம், சரக்குக்கு ஈடு பெறலாம், கடனுக்குத் தவணை பெறலாம். உயிருக்கு இவற்றில் எதுவும் இல்லை.